முப்பத்தொரு ஆண்டுப் பரிசுப் பணம் ஒரே நாளில் போன கதை

நேற்றிரவு பதினொன்றரைக்குக் கணினி ஆட்டத்தில் என் அரசன் படுக்கையில் செத்தான். அரை மணி நேரத்துக்குள் ஒன்பது சிற்றரசர்கள் சேர்ந்து இறுதி எச்சரிக்கை அனுப்பினார்கள். அதில் ஆறு பேர் என் காசைத் தின்றவர்கள். அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

ஆட்டம் குரூசேடர் கிங்ஸ் 3, இடைக்கால அரச குலம் ஒன்றைத் தலைமுறை தலைமுறையாக ஆள்வது. தொடக்கம் 1066, வீரராசேந்திர சோழன். வரலாற்றில் 1070இல் அவன் இறந்ததும் அதிராசேந்திரன் வந்தான். அவனும் அதே ஆண்டு மறைய, குலோத்துங்கன் அரியணை ஏறினான். அந்தக் குழப்பம் என் ஆட்டத்தில் வரக்கூடாது என்று ஒரு சபதம் எடுத்திருந்தேன்: உள்நாட்டுப் போரே இல்லாமல், பொன்னால் மட்டும் மூன்று தலைமுறை ஆள்வது. சாம, பேத, தான, தண்டத்தில் தானம் ஒன்றே போதும் என்ற வீம்பு. நேற்றிரவு செத்த அரசன், வீரராசேந்திரனின் பேரன், முப்பத்தொரு ஆண்டு அப்படித்தான் ஆண்டான்.

இந்தப் பரிசு விடயத்தில் நான் கற்றதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அரசனுக்கு எதிராகச் சிற்றரசர்கள் குழுச் சேர்வார்கள்; அந்தக் குழுவின் பலம் நம் படைபலத்தில் 80 சதவீதத்தைத் தொட்டால்தான் அதிருப்தி ஏறத் தொடங்கும். எல்லோரும் செய்யும் பிழை, குழுத் தலைவனுக்குப் பரிசு அனுப்புவது. அவன் நம்மை −60இல் வெறுக்கிறான். ஒரு பெட்டிப் பொன்னுக்கு அவன் மனம் மாறாது. அவனை விட்டுவிட்டு உறுப்பினர் பட்டியலைத் திறந்து, யாரிடம் ஆள் அதிகம், யாருடைய அபிப்பிராயம் பூச்சியத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். 1097 அக்டோபரிலிருந்து அந்தியோக்கியா நகரை எட்டு மாதம் முற்றுகையிட்ட சிலுவைப் படைக்கு அந்த ஊரின் ஆளுநன் தேவைப்படவில்லை. ஒரு கோபுரத்தைக் காவல் காத்த ஃபிரூஸ் என்பவனைப் படைத் தலைவர்களில் ஒருவனான பொஹமண்ட் வளைத்துப் போட்டான். 1098 ஜூன் 3 அதிகாலையில் ஊர் விழுந்தது. நான் தேடியதும் அந்தக் கோபுரக்காரனைத்தான்.

ஒருமுறை குழு 84 சதவீதத்தில் நின்றது. வடக்கு எல்லையில் ஒரு சிற்றரசன், அபிப்பிராயம் −9, குழுவின் படையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அவனுடையது. பரிசு போனது, +14 ஆனான். உடனே விலகவில்லை. ஆட்டத்தை மிக மெதுவான வேகத்தில் வைத்து நாள் நாளாக நகர்த்தினேன். தேநீர் ஆறிப் போனது. ஐந்து வாரம் கழித்து அவன் பெயர் பட்டியலிலிருந்து மறைந்தது; பலம் 67க்கு இறங்கியது. கதிரையிலிருந்து எழுந்து நின்று கை தட்டினேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

இதில் ஒரு சில்லறைத் தொல்லை: ஒருவனுக்கே அடுத்தடுத்து அள்ளிக் கொடுக்க முடியாது. முதல் பரிசின் நினைவு தேயும் வரை காத்திருக்க வேண்டும். அதனால் யாருக்கு எந்த ஆண்டு கொடுத்தேன் என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன். வட்டிக்குக் கொடுப்பவர்கள் வைத்திருக்கும் கொப்பி போலவே இருந்தது.

இடையில் கணினியும் படுத்தியது. 1100ஐத் தாண்டியதும் ஆட்டம் ஊர்ந்தது. கொழும்பு பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் கூடுதல் நினைவகம் வாங்கினேன். புதியது என்று சொல்லித் தந்தது, பெட்டியைத் திறந்தால் முனைகளில் கீறல். திருப்பிக் கொண்டுபோனால் வாங்கும்போது பார்த்திருக்க வேண்டும் என்கிறார்கள். வேலை செய்கிறது என்பதால் விட்டுவிட்டேன். அடுத்த முறை ஓர் அறிமுகமானவரைக் கூட்டிக்கொண்டுதான் அந்த மாடிப்படி ஏறுவேன்.

சரி, எங்கே பிழை விட்டேன்? பரிசால் வரும் நல்லெண்ணம் கொடுத்த ஆளுக்கு மட்டும். மகன் அரியணை ஏறியதும் அத்தனையும் துடைக்கப்பட்டது. அதன் மேல், அரியணைக்குப் புதியவன் என்பதற்காகவே எல்லோருடைய அபிப்பிராயத்திலும் ஒரு கழிவு. பட்டியல் முழுக்கச் சிவப்பு எண்கள். பொக்கிஷம் மட்டும் முதல் வாரிசுக்கு அப்படியே போகிறது. அதில் நான் விட்டுப்போனது 61 பொன்! கிழவன் உயிரோடு இருந்த கடைசி ஐந்து ஆண்டில் கொடுத்த ஒவ்வொரு பரிசும் மகனின் பணத்தை எடுத்து வீசியதுதான். இளவரசன் கையால் முன்கூட்டியே கொடுக்கவும் ஆட்டத்தில் வழியில்லை. அயர்ன்மேன் முறையில் ஆடுவதால் பழைய சேமிப்புக்கும் திரும்ப முடியாது.

மனைவியின் தம்பி வெள்ளவத்தையில் எங்களோடுதான் இருக்கிறான். பின்னால் நின்று பார்த்துவிட்டு, "அத்தான், அந்தக் காசுக்குக் கூலிப்படை பிடித்திருந்தால் இந்நேரம் எல்லோரையும் சிறையில் போட்டிருக்கலாம்" என்றான். கூலிப்படை ஒப்பந்தம் மூன்று ஆண்டுதானே என்று மல்லுக்கட்டினேன். ஆனால் அவன் சொன்னது தப்பில்லை. பிடித்தவர்களில் இரண்டு பேரின் தலையை எடுத்தால் வரும் அச்சமும் இருக்கிறது. எனக்குத்தான் தானம் என்ற பிடிவாதம்.

இந்த ஆட்டம் முடிந்ததும் மறுபக்கம் போய் இலங்கை அரசன் விஜயபாகுவாக ஆட நினைக்கிறேன். 1070இல் சோழரைப் பொலன்னறுவையிலிருந்து துரத்தியவன். சோழர் அந்த ஊருக்கு வைத்த பெயர் ஜனநாதமங்கலம். பள்ளிச் சுற்றுலாவில் அங்குள்ள சோழர் காலச் சிவன் கோயில் வானவன்மாதேவி ஈச்சரத்தின் படியில் உட்கார்ந்து சோற்றுப் பொதி அவிழ்த்த ஞாபகம் இருக்கிறது. சோழப் படைக்குள்ளேயே ஆள் பிடிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

அதற்கு முன் இதை முடிக்க வேண்டும். மகனுக்கு வயது 19, இன்னும் மணமாகவில்லை. ஒன்பது பேரில் மூன்றாவது பெரிய படைக்காரனுக்கு ஒரு மகள் இருக்கிறாள். உறவுக்காரனாகி உடன்படிக்கையும் செய்தால் அவன் குழுவில் நிற்க முடியாது. பொன் ஒன்றும் செலவில்லை. எச்சரிக்கைக் கடிதம் இன்னும் திரையில் கிடக்கிறது, ஆட்டத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன். இப்போதைக்குப் பணிந்துவிட்டுப் பிறகு பெண் கேட்பதா, மறுத்துவிட்டுப் போருக்கு நடுவில் கேட்பதா என்று தெரியவில்லை. கொப்பியில் புதிய பக்கம் திருப்பியிருக்கிறேன். முதல் வரியில் அந்தப் பெண்ணின் பெயர்.