சென்னையில தெருவுல தண்ணி நின்னா எந்த ஆபீஸ்?

மழைநீர் வடிகால் மாநகராட்சியோடது. பாதாள சாக்கடையும் குடிநீரும் மெட்ரோ வாட்டரோடது, அதாவது சென்னைக் குடிநீர் வாரியத்தோடது. 1688-ல் தொடங்கின மாநகராட்சியிலிருந்து இந்த ரெண்டும் 1978-ல்தான் தனி வாரியத்துக்குப் போச்சு. பிரிச்ச விதத்தில் எனக்கு இன்னும் வருத்தம்தான், ஏன்னா தெருவில் மழைத்தண்ணியும் சாக்கடைத் தண்ணியும் கலந்துதான் நிக்குது.

அதனால முதல்ல மூடியைப் பாருங்க. சாக்கடை மூடி வழியாப் பொங்கினா மெட்ரோ வாட்டர், 044-45674567. மழைத்தண்ணி வடியாம நின்னா மாநகராட்சி, 1913. (மாநகராட்சி தலைமை அலுவலகமான ரிப்பன் மாளிகை திறந்த வருஷமும் அதே 1913!) வடிகாலில் மழையே இல்லாம கறுப்புத் தண்ணி ஓடினா, யாரோ கழிவுக் குழாயை அதில் சொருகியிருக்காங்க. ரெண்டு பக்கமும் புகார் குடுங்க, இல்லன்னா 'எங்களுது இல்ல'ன்னு புகாரை மூடிடுவாங்க.

வார்டு நம்பர், கதவு எண், பக்கத்து அடையாளம் சொல்லி, புகார் எண்ணை எழுதி வைங்க. தெரு விளக்குன்னா கம்பத்து நம்பர் முக்கியம்.

2011-ல் திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம் மாதிரி நகராட்சிகளும் பேரூராட்சிகளும் ஊராட்சிகளும் சேர்ந்து மாநகராட்சி 174-லிருந்து 426 சதுர கிலோமீட்டர், 200 வார்டு ஆச்சு. வார்டு எண்ணும் மாறிடுச்சு. பழைய ரசீதைப் பார்த்து எண் சொல்லாதீங்க. உங்க வார்டு உதவிப் பொறியாளர் உட்காரும் இடத்தை மழைக்கு முன்னாடியே விசாரிச்சு வைங்க.