ஐஸ் ஹோல்ட் விழுந்தால்: ஜாமீன் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

அமெரிக்காவில் உள்ளூர் போலீஸ் ஒருவரைப் பிடித்துக் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவு) ஜெயிலில் புக்கிங் செய்ததும் அவருடைய கைரேகை எஃப்.பி.ஐ.க்குப் போகும். அங்கிருந்து உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தரவுத்தளத்துக்கும் தானாகவே போய்ச் சேரும். 2008ல் தொடங்கிய ஏற்பாடு இது. "நாங்கள் குடியேறிகளுக்கு ஆதரவான ஊர்" என்று பலகை வைத்திருக்கும் ஊர்களிலிருந்தும் கைரேகை போகத்தான் செய்கிறது. பிடிபட்டவரை நாடு கடத்த இடமுண்டு என்று ஐஸ் (ICE) என்ற குடிவரவு அமலாக்கத் துறை அதிகாரிகளுக்குத் தோன்றினால் ஜெயிலுக்கு ஐ-247ஏ என்ற படிவம் வரும். விடுதலை நேரம் வந்தபின்னும் 48 மணி நேரம் வரை ஆளைப் பிடித்து வையுங்கள் என்று கேட்கும் படிவம் அது. டீடெய்னர், இமிக்ரேஷன் ஹோல்ட், ஐஸ் ஹோல்ட் எல்லாம் இதுதான்.

செய்தி கேட்டதும் வீட்டில் யாருக்கும் கையும் ஓடாது, காலும் ஓடாது. ஆளுக்கு ஆள் பணம் திரட்டி, கட்டணம் வாங்கிக்கொண்டு ஜாமீனுக்குப் பொறுப்பேற்கும் பாண்ட் ஏஜென்டைப் பிடித்து, அன்றிரவே ஜாமீன் கட்டிவிடத் துடிப்பார்கள். பல வழக்குகளில் காரியம் கெடுவது இங்கேதான். டீடெய்னரின் கடிகாரம் படிவம் வந்த நேரத்திலிருந்து ஓடுவதில்லை; உள்ளூர் காவல் முடியும் நொடியில்தான் ஓடத் தொடங்கும். ஜாமீன் கட்டினால் உள்ளூர் காவல் முடிந்துவிடும். வெளியே கூட்டிவரக் கட்டிய பணமே ஆளை நேராக ஐஸ் கையில் ஒப்படைத்துவிடலாம். கலிஃபோர்னியா போன்ற இடங்களில் ஜாமீன் தொகையில் ஏஜென்ட் வாங்கும் 10 சதவீதக் கட்டணம் திரும்பி வராது. அதைவிட மோசமானது, ஐஸ் காவலில் இருப்பவர் கிரிமினல் கோர்ட்டில் ஆஜராக முடியாமல் போவது. அங்கே பிடிவாரண்ட் பிறக்கும், ஜாமீன் தொகை முழுவதையும் கோர்ட் கேட்கும். அதற்காக ஜாமீனே கட்டக்கூடாது என்று சொல்லவில்லை. அந்த ஜெயில் டீடெய்னரை மதிக்கிறதா என்று தெரியாமல் கட்டக்கூடாது.

படிவத்தின் நகலைக் கையில் வாங்குவதுதான் முதல் வேலை. கைதிக்கு ஒரு நகல் கொடுத்தால்தான் இந்த ஹோல்ட் செல்லும் என்று படிவத்திலேயே எழுதியிருக்கிறது. அதில் 4 கட்டங்கள் இருக்கும்: ஏற்கெனவே நாடுகடத்தல் உத்தரவு இருப்பது, நாடுகடத்தல் வழக்கு நடந்துகொண்டிருப்பது, கைரேகையும் ஆவணங்களும் ஒத்துப்போவது, ஆள் தானே சொன்னது அல்லது வேறு நம்பகமான ஆதாரம். எந்தக் கட்டத்தில் குறி போட்டிருக்கிறார்கள் என்பதைக் கொண்டே வக்கீல் அடுத்து என்ன செய்வது என்று முடிவு செய்வார். கூடவே ஐ-200 அல்லது ஐ-205 என்ற வாரண்ட் இணைந்திருக்கும். வாரண்ட் என்றதும் மிரள வேண்டாம். அதில் கையெழுத்துப் போட்டவர் ஐஸ் அதிகாரி, நீதிபதி இல்லை. டீடெய்னர் என்பது வேண்டுகோள்தான், கட்டளையில்லை என்று மூன்றாம் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014ல் சொன்னது. அது பென்சில்வேனியாவின் லீஹை கவுண்டி ஜெயிலில் அமெரிக்கக் குடிமகன் ஒருவரையே டீடெய்னரைக் காட்டி அடைத்து வைத்திருந்த வழக்கு. அதே ஆண்டில் ஆரிகனின் கிளாக்கமஸ் கவுண்டியும் இதே விஷயத்தில் தோற்றது. தப்பாக அடைத்து வைத்தால் நஷ்ட ஈடு கவுண்டியின் தலையில் விழும் என்று தெரிந்தபின், கவுண்டி ஜெயிலை நடத்தும் பல ஷெரிஃப்கள் ஒதுங்கிக்கொண்டார்கள்.

அடுத்தது, யாருடைய ஜெயில் என்று பார்ப்பது. நம்மவர்கள் அதிகம் குழம்புவது இதில்தான். மேயர் டிவியில் பேசுவது நகரப் போலீசின் கொள்கை. பெரும்பாலான இடங்களில் ஜெயிலை நடத்துவது கவுண்டி ஷெரிஃப், அவர் தனியாகத் தேர்தலில் நின்று வென்றவர். நகரப் போலீஸ் விசா ஸ்டேட்டஸ் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் கூட்டிப்போய் விட்டாலும், உள்ளே இருக்கும் ஷெரிஃபின் ஆட்கள் உள்ளூர் அதிகாரிகளுக்கு இமிக்ரேஷன் வேலையைத் தரும் 287(ஜி) ஒப்பந்தத்தில் பயிற்சி பெற்றவர்களாக இருந்தால் அவர்களே இமிக்ரேஷன் கேள்விகளைக் கேட்பார்கள்.

அதற்கும் மேலே மாநிலச் சட்டம் இருக்கிறது. டெக்சஸில் 2017ல் வந்த எஸ்.பி. 4 சட்டப்படி ஜெயில்கள் டீடெய்னரை மதித்தே ஆக வேண்டும். ஆனால் அந்தச் சட்டத்துக்குள்ளேயே ஒரு வழி உண்டு. குடிமகன் என்றோ முறையான ஸ்டேட்டஸ் இருக்கிறது என்றோ சான்று காட்டினால் ஜெயிலுக்கு அந்தக் கடமை இல்லை. டெக்சஸ் டிரைவர் லைசென்சையே சட்டம் உதாரணமாகச் சொல்கிறது. லைசென்ஸ், ஐ-94 (நாட்டுக்குள் வந்த பதிவு), ஐ-797 (குடிவரவுத் துறை அனுப்பும் நோட்டீஸ்) நகல்களை வக்கீல் வழியாக உடனே கொடுக்கச் சொல்வது இதற்காகத்தான். ஃபுளோரிடாவிலும் 2019 முதல் கட்டாயம். இல்லினாய் இதற்கு நேர்மாறு. 2017 முதல் டீடெய்னருக்காக மட்டும் யாரையும் பிடித்து வைக்கக்கூடாது. 2023 செப்டம்பரிலிருந்து பணம் கட்டி ஜாமீன் வாங்கும் முறையும் அங்கே கிடையாது. மாசசூசெட்ஸில் 2017ல் மாநில உச்ச நீதிமன்றமும், நியூயார்க்கில் 2018ல் மேல்முறையீட்டு அமர்வு ஒன்றும், இதற்காகப் பிடித்து வைக்க உள்ளூர் அதிகாரிகளுக்கு அதிகாரமே இல்லை என்று சொல்லிவிட்டன.

கலிஃபோர்னியாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2018 ஜனவரி முதல் டீடெய்னருக்காகப் பிடித்து வைப்பதற்கு அங்கே தடை இருக்கிறது. இதை மட்டும் கேட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் ஏமாந்து போகிறார்கள். பிடித்து வைப்பது ஒன்று, விடுதலை நேரத்தை ஐஸுக்குச் சொல்வது இன்னொன்று. குறிப்பிட்ட குற்றங்களில் தண்டனை பெற்றவர்களைப் பற்றித் தகவல் சொல்லச் சட்டம் இடம் தருகிறது. அதோடு, விடுதலைத் தேதி ஏற்கெனவே எல்லோரும் பார்க்கும்படி இருந்தால் அதைச் சொல்லவும் தடையில்லை. ஆரஞ்சு கவுண்டி ஷெரிஃப் 2018 மார்ச்சில் எல்லாக் கைதிகளின் விடுதலைத் தேதியையும் இணையத்தில் போட ஆரம்பித்தது இந்த ஓட்டையைப் பிடித்துத்தான். ஒரு நிமிடம்கூட அதிகமாக அடைத்து வைக்காமல் ஆளை விட்டுவிடுவார்கள். வாசலில் வண்டி காத்திருக்கும். ஆனால் அங்கே ட்ரூத் சட்டம் என்று ஒன்றும் இருக்கிறது. ஐஸ் பேட்டி எடுக்கும் முன் ஒப்புதல் படிவம் கொடுக்க வேண்டும், கைதி மறுக்கலாம். டீடெய்னர் வந்தால் நகல் கொடுத்து, அதன்படி நடக்கப் போகிறோமா இல்லையா என்று சொல்ல வேண்டும். விடுதலை நேரத்தை ஐஸுக்குச் சொன்னால் அதே தகவலைக் கைதிக்கும், அவருடைய வக்கீலுக்கோ அவர் குறிப்பிடும் ஒருவருக்கோ எழுத்தில் தர வேண்டும். அந்த ஒருவரின் பெயரை முன்கூட்டியே கொடுத்து வைப்பது நல்லது.

ஆக, ஜெயில் ரெக்கார்ட்ஸ் பிரிவுக்குப் போன் செய்யும்போது "சார், ஹோல்ட் இருக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடாதீர்கள். விடுதலை நேரம் வந்தபின்னும் பிடித்து வைப்பீர்களா, இல்லை ஐஸுக்குத் தகவல் மட்டும் சொல்வீர்களா, இரண்டும் இல்லையா என்று கேட்க வேண்டும். பதில் சொன்னவர் பெயரையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். இரவு ஷிஃப்ட்டில் ஒருவர் சொன்னதைக் காலையில் வருபவர் மாற்றிச் சொல்வது சகஜம்.

48 மணி நேரக் கணக்கிலும் ஒரு வில்லங்கம் உண்டு. கூட்டாட்சி விதியில் சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களைக் கழித்துவிட்டு 48 மணி என்று இருக்கிறது. இப்போதைய படிவத்தில் அந்தக் கழிவு இல்லை, 48 மணி என்றால் 48 மணிதான். வெள்ளி மாலை 6 மணிக்கு ஜாமீன் ஏறியது என்று வைத்துக்கொள்ளுங்கள். படிவப்படி ஞாயிறு மாலை 6க்கு விட வேண்டும். விதிப்படி என்றால் செவ்வாய் மாலை 6. பழைய பழக்கத்தில் சில ஜெயில்கள் செவ்வாய்க் கணக்கையே பிடித்துத் தொங்கும். படிவத்தின் நகல் கையில் இருந்தால் வக்கீல் ஞாயிறு இரவே ஜெயில் பொறுப்பாளருக்கும் கவுண்டியின் சட்டப் பிரிவுக்கும் கடிதம் அனுப்பலாம். அசையாவிட்டால் ஆட்கொணர்வு மனு. பெரும்பாலும் கடிதத்திலேயே வேலை முடிந்துவிடும்.

உள்ளே இருப்பவர் வாயைத் திறக்காமல் இருப்பது இதற்கெல்லாம் முந்தியது. "எந்த ஊரில் பிறந்தீர்கள்?" என்ற கேள்வி குசலம் விசாரிப்பது போலத்தான் வரும், அதற்குச் சொல்லும் பதில்தான் படிவத்தின் நான்காவது கட்டத்துக்கு ஆதாரம். "வக்கீல் இல்லாமல் பதில் சொல்ல மாட்டேன்" என்றால் போதும். பயத்தில் "நான் அமெரிக்கக் குடிமகன்" என்று பொய் சொல்லிவிடக் கூடாது. பின்னாளில் கிரீன் கார்டு கதவையே அடைத்துவிடும் பொய் அது. ஜெயில் போன் எல்லாம் பதிவாகிறது. எப்படி வந்தார், விசா எப்போது முடிந்தது என்று அம்மாவே கேட்டாலும் போனில் பேசக்கூடாது. தானாக நாடு திரும்புகிறேன் என்ற தாளை நீட்டினால் வக்கீல் பார்க்கும் வரை கையெழுத்து வேண்டாம். கிரிமினல் வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொள்வதும் அப்படியே. ஒப்புக்கொண்டால் நாடு கடத்துவார்களா என்று சொல்ல வேண்டியது கிரிமினல் வக்கீலின் கடமை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010ல் தீர்ப்பளித்திருக்கிறது. வக்கீல் தானாகச் சொல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

ஐஸ் கொண்டுபோய்விட்டால் ஆளை ஐஸின் இணையத் தேடல் பக்கத்தில் கண்டுபிடிக்க வேண்டும். ஏ-நம்பரும் (குடிவரவுத் துறை ஆளுக்குத் தரும் எண்) பிறந்த நாடும் போட்டால் சுலபம். நம்பர் 8 இலக்கம் என்றால் முன்னால் ஒரு பூஜ்ஜியம் சேர்த்து 9 ஆக்க வேண்டும். பெயரைப் போட்டுத் தேடுவதாக இருந்தால் அவர்கள் பதிவில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். தமிழ்ப் பெயர்கள் இங்கே படாத பாடு படும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் உள்ளவர்களுக்கு விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. (FNU, முதல் பெயர் தெரியவில்லை) என்று இருக்கும். அப்பா பெயர் குடும்பப் பெயராகியிருக்கும், இல்லை இனிஷியல் விரிந்து முன்னால் போயிருக்கும். விசா ஸ்டாம்ப்பில் உள்ளபடி ஒரு முறை, முன்பின் மாற்றி ஒரு முறை, எஃப்.என்.யு. போட்டு ஒரு முறை என்று தேடுங்கள்.

இமிக்ரேஷன் ஜாமீன் வேறு கதை. குறைந்தபட்சம் 1,500 டாலர். ஐஸிடம் கட்டும்போது முழுத் தொகையும் வேண்டும், அங்கே 10 சதவீதம் எடுபடாது. எல்லை வழியாக அனுமதியின்றி நுழைந்தவர்களுக்கு ஜாமீன் கொடுக்கக் குடிவரவு நீதிபதிகளுக்கு அதிகாரம் இல்லை என்று குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் 2025 செப்டம்பரில் சொல்லிவிட்டதால், அவர்களுக்காகக் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட வேண்டி வந்தது. ஆள் ஐஸ் காவலில் இருக்கிறார் என்பதைக் கிரிமினல் வக்கீல் கிரிமினல் கோர்ட்டுக்கு எழுத்தில் தெரிவித்தாரா என்று அதே வாரத்தில் கேட்டுவிடுங்கள். வெளியே வந்தபின் வீடு மாறினால் 5 நாளுக்குள் குடிவரவு நீதிமன்றத்துக்கு முகவரி மாற்றப் படிவம் போய்ச் சேர வேண்டும். நோட்டீஸ் பழைய வீட்டுக்குப் போய், விசாரணைக்கு ஆள் வராவிட்டால், அவர் இல்லாமலேயே நாடுகடத்தல் உத்தரவு போட்டுவிடுவார்கள்.