பழைய ஆங்கிலத்தில் ராஜா பாட்டு: 991 வரை வந்தாச்சு

ஆங்கிலோ-சாக்சன் வரலாற்றுக் குறிப்பேட்டை மூல மொழியிலேயே படிக்கும் வேலை மெதுவாக நகர்கிறது. ஆல்ஃபிரட் அரசர் காலத்தில், 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொகுக்கத் தொடங்கிய, இங்கிலாந்தின் நடப்புகளை ஆண்டுவாரியாகச் சொல்லும் ஏடு இது. பல ஆண்டுகளுக்கு ஓரிரு வரிதான்: இன்ன பிஷப் இறந்தார், இன்னார் பட்டத்துக்கு வந்தார். இலக்கணம் பழக வசதி.

755ஆம் ஆண்டுப் பதிவு மட்டும் விதிவிலக்கு. கொஞ்சம் ஆட்களோடு ஒரு பெண்ணைப் பார்க்கப் போன வெசெக்ஸ் நாட்டு அரசர் கினெவுல்ஃபை, அவர் பட்டத்துக்குப் போட்டியாளனான கினெஹேர்ட் வளைத்துக் கொல்கிறான். பணமும் தருகிறேன், உங்களை உயிரோடும் விட்டுவிடுகிறேன் என்று அவன் சொல்லியும் அரசரின் ஆட்கள் யாரும் கேட்கவில்லை, சண்டையிட்டே சாகிறார்கள். மறுநாள் மீதிப் படை வந்து சேர்ந்து அவனை முடிக்கிறது. உரைநடைதான், ஆனால் மூச்சு வாங்குகிறது. எங்கு பார்த்தாலும் 'அவன்', 'அவர்கள்' என்றே வருவதால், யார் எந்தப் பக்கம் என்று தாளில் இரண்டு பத்தி போட்டுக்கொண்டுதான் படிக்க முடிந்தது.

937க்கு வந்தால் ஏடு திடீரெனப் பாட்டாகிவிடுகிறது. இங்கிலாந்து அரசர் ஏதல்ஸ்டனும் தம்பி எட்மண்டும் புருனன்பர் போரில் வென்றதைப் பற்றி 73 அடிகள். டப்ளின் அரசன் ஓலாஃப் கப்பலேறி ஓடுகிறான். ஸ்காட்லாந்தின் கான்ஸ்டன்டைன் மகனைக் களத்தில் பறிகொடுக்கிறார். ஐந்து இளம் அரசர்கள் மடிகிறார்கள். காக்கை, கழுகு, ஓநாய்க்கு விருந்து. ஆனால் போர் எப்படி நடந்தது என்று கேட்டால் பாட்டில் விடை இல்லை. எனக்கு இது அரண்மனைப் புகழ்ச்சியாகத்தான் படுகிறது, சத்தம் பிரமாதமாக இருந்தாலும்.

அந்தச் சத்தத்தைப் பிடிக்கப் பென்சிலால் அழுத்தங்களை வட்டமிட்டேன். அடிக்கு நான்கு அழுத்தம், நடுவில் ஒரு நிறுத்தம். மூன்றாவது அழுத்தம்தான் ஆணி: முதல் பாதியில் ஒன்றாவது அதனோடு மோனை சேர வேண்டும், நான்காவது சேரக் கூடாது. உயிரெழுத்து எதுவானாலும் ஒன்றோடொன்று மோனையாகும். நம் யாப்பில் இதற்கு இன எழுத்து பார்க்க வேண்டும், அவர்கள் தாராளம்.

அப்புறம் மால்டன் போர்ப் பாட்டு. இது ஏட்டில் இல்லை, தனிப் பாட்டு. 991இல் எசெக்ஸ் பிரபு பிர்த்நாத் வைக்கிங்குகளிடம் தோற்று இறந்த கதை. மூலச்சுவடி 1731 தீ விபத்தில் போய்விட்டது. முன்பே எடுத்த நகலால் 325 அடிகள் தப்பின, தலையும் வாலும் இல்லாமல். திறை கேட்கும் தூதனுக்குப் பிர்த்நாத் சொல்லும் பதிலை அதே யாப்பில் தமிழில் முயன்று பார்த்தேன்:

ஈட்டியும் இரும்பும் — ஈவோம் திறையாய்

மோனைக் கணக்கு சரியாக வந்தது. அடுத்த அடி இன்னும் மசியவில்லை.

பாட்டை மூடிவிட்டு ஏட்டில் அதே 991ஐத் திறந்தால், டேனியர்களுக்கு, அதாவது அதே வைக்கிங்குகளுக்கு, 10,000 பவுண்டு திறை கட்டினார்கள் என்று இருக்கிறது! ஈட்டி தருவோம் என்ற வீரம் பாட்டில், பணம் கொடுத்த கணக்கு ஏட்டில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது என்று அன்றே முடிவு செய்தேன்.

அடுத்தது, இதே ஏட்டின் பிரதிகளில் ஒன்றான பீட்டர்பரோ பிரதியில், 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த முதலாம் வில்லியமின் இரங்கற்பா. மானைக் கொன்றவன் கண்ணைப் பிடுங்கச் சட்டம் போட்டவர், கலைமான்களுக்குத் தகப்பன் போல அன்பு காட்டினாராம். அரசரை நேரில் பார்த்து, அவர் அரண்மனையிலும் இருந்த ஒருவர் எழுதியது. அதில் மோனையைவிட இயைபு அதிகம், பென்சில் நிறத்தை மாற்ற வேண்டும்.