ரெண்டாங்கட்டு இருட்டும் ரெண்டரில் விழும் புள்ளிகளும்

நெல்லைப் பக்கத்துப் பழைய வீடு ஒன்றை பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் கட்டி, அதன் சைக்கிள்ஸ் என்ற ரெண்டரரில் படமாக்கினால் (ரெண்டர் போட்டால்) முன்பக்கத்துத் தார்சாவும் கூடமான பட்டாசலும் தெளிவாகவே வரும். ரெண்டாங்கட்டு, அதாவது வீட்டின் இரண்டாம் பகுதி, தாண்டி அடுக்களைக்குள் கேமராவை வைத்ததும்தான் வினை. சுவரெல்லாம் மணலை வாரி இறைத்த மாதிரி புள்ளி. எல்லோரும் செய்வது போல சாம்பிளை, அதாவது ஒரு பிக்சலுக்கு விடும் கதிர்களின் எண்ணிக்கையை, 256-லிருந்து 1024 ஆக்கினால் நேரம் நாலு மடங்கு ஏறும், நாய்ஸ் என்கிற இந்தப் புள்ளி பாதிதான் இறங்கும். இன்னொரு பாதி இறங்க 4096 வேண்டும். அதனால் சாம்பிளில் கை வைப்பதைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

அடுக்களைக்கு நேராக வெளிச்சம் வருவது ஒரு சின்ன ஜன்னல் வழியாகவும் கூரையில் பதித்த ஒற்றைக் கண்ணாடி ஓடு வழியாகவும்தான். சுவரின் ஒரு புள்ளியிலிருந்து வானத்தைத் தேடி விடும் கதிர்களில் பெரும்பாலானவை நாட்டு ஓட்டிலும் சுவரிலும் முட்டி வீணாகும். எப்போதாவது ஒன்று வெளியே தப்பிப் போய் வெளிச்சத்தை அள்ளி வரும். பக்கத்துப் பிக்சலுக்கு அந்த அதிர்ஷ்டம் இருக்காது. இந்த ஏற்றத்தாழ்வைத்தான் நாம் நாய்ஸ் என்கிறோம்.

கதிருக்கு வழிகாட்ட போர்ட்டல் இருக்கிறது. ஏரியா லைட் (பலகை போன்ற விளக்கு) ஒன்றைத் திறப்பின் அதே அளவில், முகம் வீட்டுக்குள் பார்க்க வைத்து, அதன் அமைப்பில் போர்ட்டல் என்பதை டிக் செய்யுங்கள். அது தானாக ஒளி விடாது. வானத்தை இந்த வழியாகத் தேடு என்று சொல்லும், அவ்வளவுதான். முற்றத்துக்கு ஒன்று, ஜன்னலுக்கு ஒன்று, கண்ணாடி ஓட்டுக்கு ஒன்று போதும். அழிக்கம்பி இடைவெளி ஒவ்வொன்றுக்கும் வைத்தால் வேகம்தான் குறையும்.

கண்ணாடி ஓடு தனிச் சள்ளை. அதற்கு கிளாஸ் ஷேடர் (பொருள் ஒளியை எப்படி நடத்தும் என்று சொல்லும் அமைப்பு) போட்டால், விளக்கைத் தேடிப் போகும் ஷேடோ கதிர் கண்ணாடியிலேயே நின்றுவிடும். பிறகு வெயில் உள்ளே வருவது காஸ்டிக்ஸ் வழியாக, அதாவது கண்ணாடியில் வளைந்து வரும் ஒளியாக, தற்செயலாகத்தான். அங்கங்கே மின்மினி மாதிரி வெள்ளைப் புள்ளிகள் தெறிப்பது அதனால்தான். ரிஃப்ராக்டிவ் காஸ்டிக்ஸை அணைத்தால் மின்மினி போகும், கூடவே ஓட்டு வெளிச்சமும் போய்விடும். சரியான வழி: மிக்ஸ் ஷேடரின் முதல் துளையில் கிளாஸ், இரண்டாவதில் டிரான்ஸ்பரன்ட். லைட் பாத் நோடிலிருந்து இஸ் ஷேடோ ரே, இஸ் டிஃப்யூஸ் ரே இரண்டையும் மேத் நோடில் மேக்ஸிமம் வைத்துச் சேர்த்து ஃபேக்டரில் செருகுங்கள். ஓட்டின் லேசான பச்சையை டிரான்ஸ்பரன்ட் நிறத்தில் கொடுத்துவிட்டால் தரையில் விழும் வெயிலுக்கும் அந்தச் சாயை வரும்.

அடுத்து பவுன்ஸ், ஒளி எத்தனை முறை பட்டுத் திரும்பலாம் என்ற எண். சுவர் போன்ற மங்கலான பரப்புக்கான டிஃப்யூஸ் 4 என்பதுதான் இயல்பு அமைப்பு. சுண்ணாம்புச் சுவரின் வெண்மையை 0.8 என்று வைத்தால், நாலு முறை பட்டுத் திரும்பிய பிறகும் 41 விழுக்காடு ஒளி மிச்சம் இருக்கும். அதை வெட்டி எறிந்துவிட்டு, அறை இருட்டாக இருக்கிறதே என்று எக்ஸ்போஷரை ஏற்றினால் நாய்ஸும் சேர்ந்து ஏறும். 8 வையுங்கள். வெள்ளைச் சுவர் என்பதற்காக 1.0 மட்டும் கொடுத்துவிடாதீர்கள்; நிஜத்தில் அப்படி ஒரு சுண்ணாம்பு கிடையாது.

பட்டுத் திரும்பி வரும் ஒளிக்கு உச்சவரம்பு வைப்பது இன்டைரக்ட் கிளாம்ப்; இயல்பில் 10. சுவரின் ஒளி மதிப்பே 0.05 இருக்கும் அறையில் அது பெயருக்குத்தான். 2-க்கு இறக்கிப் பார்த்து, அறை மங்கினால் கொஞ்சம் ஏற்றுங்கள். நேர் ஒளிக்கான டைரக்ட் கிளாம்ப் 0-விலேயே (வரம்பில்லாமல்) கிடக்கட்டும்.

குத்துவிளக்குச் சுடரை எமிஷன் மெஷ்ஷாக, அதாவது தானே ஒளிவிடும் வடிவமாக, விடுவதைவிட, உள்ளே ஒரு பாயின்ட் லைட் வைத்து, சுடர் மெஷ்ஷுக்கு ரே விசிபிலிட்டியில் (எந்தக் கதிருக்குத் தெரிய வேண்டும் என்ற அமைப்பு) டிஃப்யூஸையும் ஷேடோவையும் அணைப்பது நல்லது. ஷேடோவை மறந்தால் விளக்கு தன் சுடருக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும், பாத்துக்கிடுங்க. நிறத்துக்கு பிளாக்பாடி நோடில் (வெப்பநிலையை நிறமாக்குவது) 1900 கெல்வின்.

முற்றத்து ஒளி பட்டாசலில் பட்டு, வாசல் நிலை தாண்டி, மறுபடி பட்டு அடுக்களைக்கு வரும் இடத்தில் போர்ட்டல் பெரிதாக உதவாது. ஒளி வரும் திசையை ரெண்டர் ஓடும்போதே கற்றுக்கொண்டு கதிரை அங்கே அனுப்பும், பிளெண்டர் 3.4 பதிப்பில் வந்த பாத் கைடிங் அங்கே நன்றாக வேலை செய்யும். சிபியுவில் மட்டும்தான் ஓடும் என்பதால், மெதுவாக இருக்கிறதே என்று பலர் தொடுவதே இல்லை. என்னைக் கேட்டால், கடைசிக் கட்டு ஸ்டில் படத்துக்கு ஒருமுறையாவது ஓட்டிப் பார்க்க வேண்டும்.

நாய்ஸ் இந்த அளவுக்கு இறங்கினால் பிக்சலை நிறுத்திவிடு என்று சொல்லும் நாய்ஸ் த்ரெஷோல்ட் இருட்டு மூலையில் ஏமாற்றும். அங்கே ஒளியே கொஞ்சம் என்பதால் பிழையின் அளவும் சிறிதாகத் தெரிந்து, போதும் என்று சீக்கிரம் விட்டுவிடும். 0.01-ஐ 0.005 ஆக்கி, மினிமம் சாம்பிளை 128 வையுங்கள்.

மிச்சப் புள்ளியைத் துடைக்கும் டீநாய்சர் இத்தனைக்கும் பிறகுதான். ஓப்பன் இமேஜ் டீநாய்ஸ் என்ற டீநாய்சரில் ஆல்பிடோ (பரப்பின் நிறம்), நார்மல் (பரப்பு பார்க்கும் திசை) இரண்டையும் கொடுத்து, ப்ரீஃபில்டரை அக்யூரேட் ஆக்குங்கள். புள்ளி மிகுந்த படத்தை அப்படியே கொடுத்தால் சுவரில் தேமல் படர்ந்தது போலத் திட்டுத் திட்டாக வரும்; மரத்தூணின் செதுக்கு வேலை மெழுகாக உருகிவிடும். சோதிக்கும்போது டீநாய்சரை அணைத்து, கன்ட்ரோல் பி அழுத்தி மிக இருண்ட மூலையை மட்டும் வளைத்து ரெண்டர் போட்டுப் பாருங்கள்.

சேமிப்பது 16 பிட் ஓப்பன் ஈஎக்ஸ்ஆர் என்ற பட வடிவத்தில் இருக்கட்டும். 8 பிட்டில் சேமித்துவிட்டுப் பிறகு நிழலைத் தூக்கினால், அத்தனை பாடுபட்டுத் துடைத்த சுவரில் பட்டை பட்டையாகக் கோடு விழும்.