லண்டனில் காசு கேட்காத ஓர் இடமும், ஒரு பச்சை வண்டும்

லண்டன் செலவுக் கணக்கை வரிசையாக எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். முதல் வரியிலேயே வயிறு எரிகிறது. விமான நிலையத்தில் டாக்சிக்குப் பேசிய தொகை ஒன்று, விடுதி வாசலில் டிரைவர் கேட்டது இன்னொன்று. பார்க்கிங்காம், பெட்டிக்காம். ஹீத்ரோவிலிருந்து பிக்கடில்லி லைன் ரயில் நேராக, பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் பக்கத்திலுள்ள ரஸ்ஸல் ஸ்கொயர் ஸ்டேஷனுக்கே வருகிறது. பேசாமல் அதில் ஏறுங்கள்.

அந்தக் கடுப்போடுதான் பிரிட்டிஷ் மியூசியத்துக்குள் போனேன். நுழைவு இலவசம்! பழைய எகிப்திய எழுத்தைப் படிக்க வழிகாட்டிய ரொசெட்டா கல்லைச் சுற்றித் தேரோட்டக் கூட்டம். எட்டிப் பார்த்ததோடு சரி, மாடிக்கு ஏறிவிட்டேன்.

அங்கேதான் அந்த வண்டு. சோபெகெம்சாஃப் என்ற பழங்கால எகிப்திய மன்னருடைய தாயத்து, வயது சுமார் 3,600 ஆண்டுகள். பச்சை ஜாஸ்பர் கல்லில் செதுக்கித் தங்கத்தில் பதித்திருக்கிறார்கள். கட்டைவிரல் நீளம்கூட இருக்காது. உடல் வண்டு, முகம் மட்டும் மனிதன். சாணி உருட்டும் வண்டைச் சூரியனை உருட்டும் கெப்ரி தெய்வமாகக் கும்பிட்டவர்கள் எகிப்தியர்கள்.

இதைப் பிணத்தின் நெஞ்சில் வைப்பார்களாம். செத்தபின் இதயத்தைத் தராசில் வைத்து மாஅத் என்ற நீதி தேவதையின் இறகுக்கு எதிராக எடை போடுவார்களாம். தப்பு செய்தவன் இதயத்தை அம்மித் என்ற மிருகம் தின்றுவிடும். அதனால் வண்டின் அடித்தகட்டில் ஒரு மந்திரம்: இதயமே, எனக்கு எதிராகச் சாட்சி சொல்லாதே! மனசாட்சியின் வாயையே அடைக்கப் பார்த்திருக்கிறார்கள். ராஜாவுக்கே அந்தப் பயம் என்றால் பாருங்கள்.

இன்னும் கேளுங்கள். சுமார் 500 வருடம் கழித்து, இதே பெயருள்ள மன்னரின் கல்லறையைக் கொள்ளையடித்த கும்பலின் வாக்குமூலம் பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் இருக்கிறது. மொத்தம் 160 டெபன் தங்கம், கிட்டத்தட்ட 14 கிலோ, எட்டுப் பேருக்குப் பங்கு. ஆமென்பநூஃபர் என்ற கல்தச்சன் மாட்டிக்கொண்டு, தன் பங்கை அதிகாரிக்கு லஞ்சமாகக் கொடுத்து வெளியே வந்து, மறுபடி திருடப் போயிருக்கிறான். என் டாக்சிக்காரர் பரவாயில்லை.

மற்ற செலவுக் கணக்கை அடுத்த பதிவில் போடுகிறேன். மியூசியத்தில் காபி விலையைக் கேட்டுவிட்டுக் குடிக்காமலே வந்தேன். தண்ணீர் பாட்டில் கையோடு எடுத்துப் போங்கள். வெள்ளிக்கிழமை என்றால் மியூசியம் இரவு 8.30 வரை திறந்திருக்கிறது.