அப்பாவின் குளிசையும் இறுகிப்போன துருசுக் கதவும்

2023 ஆவணியில்தான் அப்பா இடது விலாவுக்குக் கீழே பாரமாக இருக்கிறது என்று சொல்லத் தொடங்கினார். அரைக் கோப்பைச் சோற்றிலேயே வயிறு நிரம்பிவிடும். இரவில் தலையணை நனையும் அளவுக்கு வியர்வை. மூன்று கிழமை வாயுவுக்கு மருந்து குடித்தார். குறையவில்லை. கடைசியில் ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனை செய்தோம். 4,000க்கும் 11,000க்கும் இடையில் இருக்க வேண்டிய வெண்குழிய (வெள்ளையணு) எண்ணிக்கை 186,000 என்று வந்தது. நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை.

நாங்கள் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை, கொக்கட்டிச்சோலைப் பக்கம். மண்முனைப் பாலம் வந்த பிறகு மட்டக்களப்பு நகரத்துக்குப் போவது பெரிய வேலை இல்லை. முன்பு என்றால் வாவியைக் கடக்கப் படகுப்பாதைக்காகக் காத்து நிற்க வேண்டும். அந்தக் காலத்தில் இந்த நோய் வந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் நினைப்பேன்.

வாட்டில் அனுமதித்து, இடுப்பெலும்பில் ஊசி போட்டு என்பு மச்சை எடுத்தார்கள். டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நாட்பட்ட மைலாய்ட் லுக்கீமியா என்ற இரத்தப் புற்றுநோயாக இருக்கலாம், பிசிஆர்-ஏபிஎல் பரிசோதனை வந்தால்தான் உறுதி என்றார். அப்பா, "கொரோனாவுக்கு மூக்குக்குள்ள விட்டுப் பார்த்தாங்களே, அதுவா மகள்?" என்று கேட்டார். தமிழில் இரண்டும் ஒரே மாதிரிக் கேட்பதால் கிளினிக்கில் பலருக்கு இந்தக் குழப்பம் உண்டு. இது BCR-ABL, பரம்பரை அலகு ஒன்றின் பெயர். அதைத் தேடும் முறைதான் மற்றப் பிசிஆர் (PCR).

இந்தப் பரிசோதனையில் எங்களுக்கு ஒரு மாதம் வீணானது. இரத்தத்தை ஒரு வியாழக்கிழமை பின்னேரம் கொடுத்தோம். அடுத்த நாள் போயா விடுமுறை, பிறகு சனி, ஞாயிறு. கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தபோது மாதிரி பழுதாகிவிட்டது, திரும்ப எடுக்க வேண்டும் என்று செய்தி வந்தது. அவர்கள் தேடுவது அந்த அலகின் நகலான ஆர்என்ஏ. அது வெகு சீக்கிரம் சிதைந்துபோகும். ஆகவே இரத்தத்தைக் கிழமையின் தொடக்கத்தில், விடுமுறை நாட்காட்டியைப் பார்த்துக் கொடுங்கள். எப்போதும் ஒரே ஆய்வுகூடத்துக்கே அனுப்புங்கள். இடம் மாறினால் எண்களை ஒப்பிடுவது கஷ்டம்.

இரண்டாவது மாதிரியில் உறுதியானது. நோயின் மூலம் ஒரு கைனேஸ், அதாவது பொசுபேற்றை ஒட்டும் ஒரு நொதியம். 'கைனேஸ்' என்ற சொல்லைப் பத்து வருடமாகக் கரும்பலகையில் எழுதி வந்திருக்கிறேன். குளுக்கோசில் பொசுபேற்றை ஒட்டும் ஹெக்ஸோகைனேஸ், அவ்வளவுதான் பாடம். குளுக்கோசில் அல்லாமல் இன்னொரு புரதத்தில் பொசுபேற்றை ஒட்டி, அதை வேலை செய்ய வைக்கிற அல்லது நிறுத்துகிற கைனேஸ்கள் மட்டும் நம் உடலில் 500க்கு மேல் இருக்கின்றன. ஒரு கலம் பிரிய வேண்டுமா, பொறுக்க வேண்டுமா, சாக வேண்டுமா என்ற செய்தி இப்படித்தான் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கை மாறுகிறது. வேலை முடிந்ததும் வேறு நொதியங்கள் அந்தப் பொசுபேற்றைக் கழற்றிவிடும். இந்த ஒட்டலையும் கழற்றலையும் 1950களில் கண்டுபிடித்த எட்வின் கிரெப்ஸுக்கும் எட்மண்ட் ஃபிஷருக்கும் 1992இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் பார்த்தது தசையில் சேமித்த சர்க்கரையான கிளைக்கோஜனை உடைக்கும் ஒரு நொதியத்தை. அந்த வேலை என் அப்பாவின் குளிசை வரைக்கும் வந்திருக்கிறது.

அப்பாவின் எலும்புக்குள் இருந்த ஏதோ ஒரு கலத்தில் 9ஆம், 22ஆம் நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்கள்) துண்டு மாறி ஒட்டிக்கொண்டன. 1960இல் பிலடெல்பியாவில் நோவலும் ஹங்கர்போர்டும் இந்த நோயாளிகளிடம் ஒரு குட்டை நிறமூர்த்தத்தைக் கண்டார்கள். அது இப்படித் துண்டு மாறியதால் வந்தது என்று 1973இல் ஜேனட் ரௌலி காட்டினார். அந்த ஒட்டில் பிறக்கிற புரதம்தான் பிசிஆர்-ஏபிஎல். சாதாரண ஏபிஎல் என்கிற கைனேஸ் தேவைப்படும்போது மட்டும் எழும்பும். இது ஓயாது. பிரி, பிரி என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

இதை அப்பாவுக்கு எப்படிச் சொல்வது? விளக்கு, சுவிட்ச் என்று ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, குளத்து மதகான துருசையும் வயல்வெளியான வட்டையையும் வைத்துச் சொன்னார்: "அப்ப துருசுக் கதவு திறந்தபடியே இறுகிட்டு எண்டு சொல்லு. தண்ணி நிக்காம வருது, வட்டை முழுக்க மூழ்குது."

அதற்கு மேல் நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இமாடினிப் என்கிற குளிசை 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கைனேசுக்குப் பொசுபேற்றைக் கொடுப்பது ஏடிபி. அது வந்து உட்காரும் குழியில் இந்த மருந்து போய் அடைத்துக்கொள்ளும். முடி கொட்ட வைக்கும் மருந்துபோல் பிரிகிற எல்லாக் கலத்தையும் இது அடிப்பதில்லை. ஆனால் கதவைத் திருத்துவதும் இல்லை. உடைந்த கதவு உடைந்தபடிதான். அதனால் ஒவ்வொரு நாளும் குடிக்க வேண்டும். அப்பாவுக்கு நாளுக்கு 400 மில்லிகிராம், சாப்பாட்டோடு, ஒரு பெரிய கப் தண்ணீருடன். வெறும் வயிற்றில் குடித்த ஒரு நாள் வாந்தி எடுத்தார், அப்புறம் அந்தப் பிழையைச் செய்யவில்லை. வைத்தியசாலையிலேயே மருந்து இலவசமாகக் கிடைத்தது.

காலையில் கண்ணைச் சுற்றி வீக்கம் வந்தது. இரவில் கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. நாலைந்து மாதத்தில் நிறமும் வெளுத்தது. கோயிலில் கண்டவர்கள், "என்ன அண்ணன், வெள்ளையாகிட்டீங்க" என்று கேட்டார்கள். இந்த மருந்து கிட் என்ற இன்னொரு கைனேசையும் தடுக்கும், தோலுக்கு நிறம் கொடுக்கும் கலங்களுக்கு அது வேண்டும் என்று டொக்டர் சொன்னதும் வீட்டில் பயம் போய்விட்டது. அத்தை கொண்டு வந்த நாட்டு மருந்தை மட்டும் கொடுக்கவில்லை. எது இந்தக் குளிசையின் அளவைக் கூட்டும், எது குறைக்கும் என்று தெரியாமல் ஒன்றையும் சேர்க்க முடியாது.

மூன்றாம் மாதம் பிசிஆர்-ஏபிஎல் 10 வீதத்துக்குக் கீழே வர வேண்டும். 7.2 வந்தது. வெண்குழியம் சரி, மண்ணீரல் சுருங்கிவிட்டது, அப்பா வயிறாரச் சாப்பிட்டார். எல்லாரும் நிம்மதியானோம். பிழை அங்கேதான் நடந்தது.

மாசியில் பெரும்போக வேளாண்மை வெட்டு. யானைக் காவலுக்கு அப்பா வயல் குடிசையான வாடியில் தங்கினார். ஆறாம் மாதம் 1 வீதத்துக்குக் கீழே இருக்க வேண்டிய எண் 4.8 என்று வந்தது. டொக்டர் முகம் மாறியது. சில பேருக்கு அந்தக் கைனேசிலேயே ஒரு எழுத்து மாறி, மருந்து குழிக்குள் போக முடியாமல் போகும், அப்படியானால் வேறு மருந்து பார்க்க வேண்டும் என்றார். பிறகு அப்பாவிடம் மெதுவாகக் கேட்டார்: "ஐயா, குளிசை ஒரு நாளும் விடலையா?"

அப்பா நிலத்தைப் பார்த்தார். வாடிக்குக் கொண்டு போகவில்லையாம். உடம்பு நல்லாத்தானே இருக்கு என்று நினைத்தாராம். வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். 23 நாள்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவரைப் பேச மனம் வரவில்லை. உடம்பு நன்றாக இருப்பதே மருந்தினால்தான் என்பதை நான் சொல்லவே இல்லை. நோய் என்ன என்று சொன்னேன், ஏன் நிறுத்தக் கூடாது என்று சொல்லவில்லை. அன்று இரவு அவரே கேட்டார்: "அப்ப கதவடியில ஒருத்தன் நெடுகக் கையால அடைச்சிக்கிட்டு நிக்கணும். அவன் படுத்தா தண்ணி வந்திரும். அப்படித்தானே?" அப்படித்தான் அப்பா என்றேன்.

அதற்குப் பிறகு குளிசை போத்தல்கள் இரண்டாயின. ஒன்று வீட்டில், ஒன்று வாடியில், எலி தொடாத தகர டப்பாவுக்குள். கலண்டரில் ஒவ்வொரு இரவும் அவர் கையால் ஒரு கோடு. ஒன்பதாம் மாதம் 0.9. ஒரு வருடத்தில் 0.3. அப்போது 0.1க்குக் கீழே வந்திருக்க வேண்டும், ஆனால் இறங்கிக்கொண்டிருக்கிறது, இதே மருந்தில் தொடரலாம் என்றார் டொக்டர். இந்தச் சித்திரையில், பதினெட்டாம் மாதம், 0.08.

இப்போது சிறுபோகத்துக்கு வயலில் நிற்கிறார். அடுத்த இரத்தம் ஆடியில். நாட்காட்டியைப் பார்த்து, போயா இல்லாத ஒரு கிழமையில், திங்கட்கிழமைக் காலைக்குக் குறித்து வைத்திருக்கிறேன்.