தீப்பெட்டிப் படகுகள்

ஜூன் 6, இரண்டாம் உலகப்போரில் 1944-ல் நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கிய நாள். அது வந்தாலே எனக்குப் போர்க்கப்பல்கள் ஞாபகம் வருவதில்லை. 83 அடி நீளமுள்ள மரப் படகுகள்தான் ஞாபகம் வரும்.

நீர்மூழ்கிகளை விரட்டுவதற்காக அமெரிக்கக் கடலோரக் காவல்படைக்காக நியூயார்க்கின் புரூக்ளினில் கட்டிய ரோந்துப் படகுகள் அவை. மொத்தம் 230. அதில் 60 படகுகளைச் சரக்குக் கப்பல்களில் ஏற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். பூல் துறைமுகத்தில் அவற்றுக்கு 1 முதல் 60 வரை புது எண் போட்டு, நார்மண்டி தரையிறக்கத்துக்கு மீட்புப் படகுகளாக மாற்றினார்கள். உடம்பு மரம், உள்ளே பெட்ரோல் எஞ்சின். ஒரு குண்டு பட்டால் போதும், அவ்வளவுதான். அதனால்தான் 'தீப்பெட்டிப் படை' என்று பெயர் வந்தது.

அந்தத் தண்ணீரில் விழுந்து கிடந்த சிப்பாய்களை நினைத்துப் பாருங்கள். உடை, பூட்ஸ், மூட்டை எல்லாம் நனைந்து கனக்கிறது. உடம்பெல்லாம் எண்ணெய். குளிரில் விரல் மடங்காது, வீசிய கயிற்றைக்கூடப் பிடிக்க முடியாது. அப்போது படகுக்காரர்கள் தாங்களே கடலில் குதித்து, அவர்களைக் கயிற்றில் கட்டி மேலே ஏற்றினார்கள். கரையிலிருந்து குண்டு வந்துகொண்டேயிருந்தது.

முதல் நாளில் மட்டும் காப்பாற்றியது 400 பேருக்கு மேல். அந்த வருடக் கடைசிக்குள் 1,438 பேர்.

சண்டைக்கென்று கட்டிய படகு உயிர் காத்த கணக்கு இது. இன்றும் இதைப் படித்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.